அரை நாளில் மாற்றிய சீல் ஏன் மறுபடியும் ஒழுகுகிறது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாலிநோக்கத்தில் உங்களிடம் இருப்பது முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங் போட்ட பழைய ஃபோர் வீல் பிக்கப். ஃபைபர் படகைக் கரையேற்றவும் ஐஸ் பெட்டி ஏற்றவும் ஓடுகிறது. இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வடிகிறது. எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆக்சில் சீலை ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றியாயிற்று. இரண்டு முறையும் காலையில் பட்டறையில் விட்டு மத்தியானம் எடுத்து வந்தீர்கள். மூன்றாவது முறை கம்பெனி சீல் வாங்கிப் போட்டால் நிற்குமா என்பது கேள்வி.

எந்த சீல் என்பது அப்புறம். "காலையில் விட்டு மத்தியானம் எடுத்தேன்" என்ற வரியில்தான் என் கண் நின்றது. உங்கள் மாதிரி வண்டியில் இடது முன் ஆக்சிலின் எண்ணெய் சீலை ஒழுங்காக மாற்ற அரை நாள் போதாது. பழகிய கை இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு முழுநாள் வேலை. அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, முன் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) மூடியின் போல்ட்டுகளைப் பாருங்கள். துருவும் மண்ணும் உப்பும் சேர்ந்து பொருக்குத் தட்டி, ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல் இருந்தால், எண்ணெயைத் தடுக்கும் சீலை யாரும் இதுவரை தொடவே இல்லை என்று அர்த்தம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த ஆக்சிலில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சீல். ஒன்று வெளியே, சக்கரம் மாட்டும் ஹப்பைத் தாங்கும் குட்டைக் குழாயான ஸ்டப் ஆக்சிலின் உள்வாயில் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் கிரீஸை வெளியே விடாமல், வெளியே இருக்கும் மணலை உள்ளே விடாமல் காக்கும் காவல்காரன். அவ்வளவுதான் அதன் வேலை. கியர் ஆயிலைப் பிடித்து வைக்கும் சீல் உள்ளே, டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலுக்குப் பக்கத்தில், ஆக்சில் குழாய் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது தேய்ந்தால் எண்ணெய் அங்கே சொட்டாது. குழாய் வழியாக ஓடி, சக்கரத்துப் பக்கம், சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிள் அருகே வந்து வெளியே வடியும். வடிகிற இடத்தைப் பார்த்து வெளி சீலை மாற்றுவது, வீட்டில் ஓடு உடைந்ததற்குத் தரையை மெழுகுவது மாதிரி. பட்டறைக்காரரைக் குறை சொல்லவில்லை. உள் சீலுக்குப் போக வேண்டுமென்றால் டிஃபரன்ஷியலையே கழற்றி எடுக்க வேண்டும். அந்தக் கூலியைக் கேட்டால் வண்டிக்காரர் வேண்டாம் என்பார். பட்டறைக்காரரும் சுலபமான வெளி சீலைப் போட்டு அனுப்பிவிடுவார்.

ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஜிப்ஸி மாதிரி நக்கிள் உருண்டையாக மூடியிருக்கும் வண்டிகளில் உள் சீல் குழாயின் வெளிமுனையிலேயே இருக்கும். அங்கே டிஃபரன்ஷியலைத் தொட வேண்டியதில்லை. அந்த சீல் போனால் எண்ணெய் போய் நக்கிள் கிரீஸோடு கலந்து கறுப்புக் கூழாகி உருண்டையின் மேல் வழியும். மஹிந்திரா கெட்அவே, டாடா ஜெனான் மாதிரி முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பிக்கப்புகளில் டிஃபரன்ஷியல் சேசிஸில் தொங்கும். ஷாஃப்டை நெம்பி வெளியே எடுத்தால் சீல் கண்ணெதிரே நிற்கும். அவற்றில் சீலைவிட அதிகம் போவது, சிவி ஜாயின்ட் என்ற ஷாஃப்ட் மூட்டை மூடும் ரப்பர் பூட். நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள் ஒன்று குத்தினால் போதும், கிரீஸ் முழுக்க சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருக்கும். பார்ப்பவர் சீல் போய்விட்டது என்பார். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வடிவது என்ன என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். விரலில் தொட்டு முகர்ந்தால் கியர் ஆயிலில் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான். பிரேக் ஆயில் மெல்லிசு, தண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும். அப்படியென்றால் இது சீல் கதையே கிடையாது, பிரேக் சிலிண்டர் கதை. அன்றைக்கே பார்க்க வேண்டியது. எந்த எண்ணெயாக இருந்தாலும் பிரேக் லைனிங் நனைந்திருந்தால் அதைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே ஊறியது வெளியே வராது. இரண்டு பக்கமும் சேர்த்தே லைனிங் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இனி அடுத்த விஷயம். சரியான சீலையே போட்டாலும் நம் கரையில் அது சீக்கிரம் சாக மூன்று காரணங்கள் உண்டு. அதில் முதல் குற்றவாளி பிரீதர்.

ஆக்சில் ஹவுசிங் மேல் சின்ன மூடி மாதிரி ஒன்று இருக்கும், சில வண்டியில் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே போகும். ஆக்சில் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். ஓடி ஓடி ஹவுசிங் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். பிரீதர் அடைந்திருந்தால் அந்தக் காற்றுக்குப் போக வழி இல்லை, சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும். இது பாதிக் கதை. அதே சூட்டோடு படகை இழுக்க வண்டியைக் கடல் தண்ணீரில் இறக்குகிறீர்கள். ஹவுசிங் சட்டென்று குளிர்கிறது, உள்ளே காற்று சுருங்குகிறது, இப்போது உறிஞ்ச ஆரம்பிக்கிறது. பிரீதர் அடைப்பு என்றால் சீல் வழியாக உறிஞ்சும். சீலின் உதடு உள்ளிருந்து வரும் எண்ணெயைத் தடுக்கச் செய்தது, வெளியிலிருந்து வரும் தண்ணீரை அது அவ்வளவாக எதிர்த்து நிற்காது. உப்புத் தண்ணீர் நேரே கிரவுன் பினியனுக்குப் போகிறது.

தனுஷ்கோடிக்கு வண்டி ஓட்டியவர்களைக் கேளுங்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கும் முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து ஃபோர் வீல் வேன்களும் ஜீப்புகளும்தான் மணலிலும் கடல் தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப் போகும். அந்த மாதிரி ஓட்டத்துக்கு நான் முதலில் சொல்வது பிரீதரில் டீசல் ஹோஸ் ஒன்றை மாட்டி, போனட்டுக்குள் உயரத்தில் கொண்டுபோய், முனையில் சின்ன பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைச் செருகிக் கட்டுவது. செலவு ஒரு சாப்பாட்டுக் காசு. நீங்களும் அதைச் செய்யுங்கள். ஆக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, பிரேக் பைப்போடு உரசாதபடி கட்டுங்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரை சேறு என்பதால் அங்கே பிரீதர் களிமண் பூசினாற்போல அடையும். உங்கள் பக்கம் மணல். மூடியைக் கழற்றிக் குலுக்கினால் கரகரவென்று சத்தம் வந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

இரண்டாவது காரணம் வண்டி நிறுத்துமிடம். இடது பக்கம் மட்டும் ஒழுகுகிறது என்றீர்கள். ராத்திரி வண்டியைக் கடற்கரைச் சரிவில் இடது சக்கரம் பள்ளத்தில் இருக்கிற மாதிரி நிறுத்துவீர்களா? அப்படியென்றால் ராத்திரி முழுக்க எண்ணெய் இடது சீலின் மேல் சாய்ந்து நிற்கும். புது சீலுக்குப் பரவாயில்லை, கொஞ்சம் தேய்ந்த சீலுக்கு அது போதும். இதோடு எண்ணெயையும் சரிவில் நிறுத்தி ஊற்றினால் அளவு கூடிப்போகும். சமதரையில், நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

மூன்றாவதுதான் உப்பு செய்யும் வேலை. சீலின் உதடு உட்காருவது ஷாஃப்டின் பளபளப்பான ஒரு வளையத்தில். முன்சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கும் பூட்டான ஹப் லாக்கைத் திறந்து போட்டு மாதக்கணக்கில் டூ வீலிலேயே ஓட்டினால் முன் ஷாஃப்ட் சுற்றுவதே இல்லை. உதடு ஒரே இடத்தில் காய்ந்து ஒட்டும், அதன் ஓரத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து துருப் புள்ளி போடும். ஒருநாள் ஹப்பை லாக் செய்து படகை இழுக்கும்போது அந்தத் துரு, ரம்பம் மாதிரி உதட்டை அறுக்கும். அந்தப் புள்ளிகள் இருக்கும் வரை எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் அறுபடும்.

சரி, வேலைக்கு வருவோம். கரை மணலில் வைத்து இதைச் செய்யாதீர்கள். ஜாக்கி மணலில் இறங்கும், அதோடு ஒரு மணல் துகள் பேரிங்குக்குள் போனாலும் செய்த வேலை வீண். சிமெண்ட் தரை, பின்சக்கரங்களுக்குக் கட்டை, முன்பக்கம் சேசிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். வேலைக்கு இரண்டு நாள் முன்பே எல்லாப் போல்ட்டிலும் துரு எண்ணெய் அடித்து வையுங்கள். அதற்கும் முன்னால் எண்ணெய் நிரப்பும் பிளக் கழலுகிறதா என்று பாருங்கள். வடிக்கும் பிளக்கைக் கழற்றிவிட்டு, நிரப்பும் பிளக் துருவில் இறுகி வராமல் தலையில் கை வைத்தவர்கள் நிறைய.

எண்ணெயை வடியுங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வடித்த எண்ணெயை ஒரு கேனில் பிடித்துப் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள், கரையில் ஊற்றாதீர்கள். நமக்குச் சோறு போடும் கடல் அது.

சக்கரம், பிரேக், ஹப் லாக், ஹப் பேரிங் நட், ஹப், அப்புறம் ஸ்டப் ஆக்சில் என்று வரிசையாகக் கழற்றுங்கள். பழைய பிரேக் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், ஈரத்துணியில் துடையுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஸ்டப் ஆக்சில் துருவில் ஒட்டி அடம் பிடிக்கும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரை சிதையும், மரச்சுத்தியலாலோ பித்தளைத் துண்டு வைத்தோ சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அது வந்ததும் ஷாஃப்டை நேராக வெளியே இழுக்கலாம். இடது மட்டும் போதாது. டிஃபரன்ஷியல் வெளியே வர வேண்டும் என்றால் இரண்டு ஷாஃப்டும் வெளியே வர வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், வலது சீல் நன்றாகவே இருந்தாலும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சீலின் விலை கொஞ்சம், கூலிதான் பெரிது.

மூடியைத் திறந்ததும் டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் பேரிங்கை அமுக்கிப் பிடிக்கும் இரண்டு கேப் தெரியும். கையை வைக்கும் முன் பஞ்ச் எடுத்து, இடது கேப்புக்கும் ஹவுசிங்குக்கும் ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி அடியுங்கள். கேப் இடம் மாறவோ தலைகீழாகப் போகவோ கூடாது. அதே மாதிரி பேரிங் வெளிக்கப், ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடுகள் எல்லாவற்றையும் இடது தனி டப்பா, வலது தனி டப்பா என்று போடுங்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்த ஷிம்களில்தான் இருக்கிறது. கலந்துவிட்டால் சீல் ஒழுகுவதை நிறுத்தப் போய் டிஃபரன்ஷியல் ஊளையிட ஆரம்பிக்கும். உங்களுக்கு இதில் பழக்கம் இல்லையென்றால், இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் டிஃபரன்ஷியல் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுவிடுங்கள். கேப்பை எடுத்த பிறகும் டிஃபரன்ஷியல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இரண்டு டயர் லீவரால் பக்கத்துக்கொருவர் சமமாக நெம்ப வேண்டும். அது மெதுவாக வராது, திடீரென்று வந்து விழும். நல்ல கனம். கீழே ஒருவர் கையும் ஒரு பழைய டயரும் இருக்கட்டும்.

டிஃபரன்ஷியல் வெளியே வந்தபின் பேரிங்கைச் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால், பேரிங் ஆடுகிற இடத்தில் ஷாஃப்டும் ஆடும், புது சீல் நிற்காது. ஷாஃப்ட் நடுவில், அது மடங்கும் மூட்டில் இருக்கும் கிராஸையும் ஆட்டிப் பாருங்கள். கிராஸ் தேய்ந்த ஷாஃப்ட் சுற்றும்போது துள்ளும், அந்தத் துள்ளல் நேரே சீல் உதட்டில்தான் இறங்கும்.

இப்போது ஷாஃப்டின் சீல் படும் வளையத்தை நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கினால் பள்ளம். லேசான துருக்கறை மட்டும் என்றால் 400 நம்பர் எமரித் தாளை வைத்து, ஷாஃப்டைச் சுற்றியே துடையுங்கள். சாய்வாக, திருகு மரை மாதிரி கோடு விழ விடாதீர்கள். அந்தக் கோடே எண்ணெயை வெளியே இறைக்கும். பள்ளமாகவோ குழியாகவோ இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து அந்த இடத்தைச் சரிசெய்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றுவது ஒரு வழி, ஷாஃப்டை மாற்றுவது இன்னொரு வழி. குழாய்க்குள் இடம் இருந்தால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி உட்கார வைத்து, உதடு பள்ளத்தைத் தவிர்க்கிறதா என்றும் பார்க்கலாம். அது தற்காலிகம்தான், ஆனாலும் பல வண்டிகள் அதில் இன்னும் ஓடுகின்றன.

பழைய சீலை எடுத்ததும் ஆக்சில் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது இதுதான், உங்கள் ஊரில் விடவே கூடாததும் இதுதான். குழாயின் அடியில் கூழாகிய மணலும் எண்ணெயும் படிந்திருக்கும். ஷாஃப்டைத் திரும்பச் செருகும்போது அதன் நுனி அந்த மணலை வழித்துக்கொண்டு போய்ப் புது சீலின் உதட்டில் பூசும். போட்ட அன்றைக்கே சீல் பாழ். நீளக் கம்பியில் துணி சுற்றி, டிஃபரன்ஷியல் பக்கமிருந்து சக்கரத்துப் பக்கமாகத் தள்ளுங்கள். துணி வெள்ளையாக வரும் வரை திரும்பத் திரும்ப.

புது சீலின் சுருள் ஸ்பிரிங் தெரியும் பக்கம், அதாவது உதடு, டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். உட்காரும் இடத்தைத் துடைத்து, உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டினால் கோணிக்கொள்ளும். நீள மரைக் கம்பி ஒன்றும், சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் இரண்டு வட்டத் தகடும் லேத்தில் செய்து வாங்கினால், நட்டை முறுக்க முறுக்க இரண்டு சீலும் ஒரே நேரத்தில் நேராக உள்ளே போய் உட்காரும்.

டிஃபரன்ஷியலை ஷிம்களோடு பழையபடி உட்கார வைத்து, கேப்பை வண்டியின் மேனுவலில் சொன்ன டார்க்கில் முறுக்குங்கள். இங்கே கை அளவை நம்ப வேண்டாம். சீல் உதட்டைக் கிழிக்காமலிருக்க ஷாஃப்ட் நுனி ஸ்ப்ளைன் பற்களில் செல்லோடேப் சுற்றலாமா என்று கேட்பீர்கள். உள் சீல் என்பதால் தாண்டியபின் டேப்பை உருவி எடுக்க முடியாது, அது இங்கே உதவாது. அதற்குப் பதில் பற்களின் பிசிரை அரத்தால் நீக்கி, கிரீஸ் தடவி, ஒருவர் ஷாஃப்டின் கனத்தைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் அடிப்பக்கம் தொடாமல் நேராக உள்ளே செலுத்த வேண்டும். ஷாஃப்ட் சீலின் மேல் படுக்கவே கூடாது. பல் பொருந்தவில்லை என்றால் அடிக்காதீர்கள், மெல்லத் திருப்புங்கள், தானாக விழும்.

ஸ்டப் ஆக்சிலின் வெளி சீலையும் ஹப் கிரீஸையும் புதிதாகப் போடுங்கள். ஹப் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் ஆடாமலும் தடையில்லாமலும் சுற்றும் இடத்தில் லாக் வாஷரை மடித்து நிறுத்துங்கள். மூடிக்குப் புது கேஸ்கட். எண்ணெய் 80டபிள்யூ-90, ஜிஎல்-5. பழைய எண்ணெய் வெளுத்திருந்தால் முதலில் ஊற்றியதை இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் வடித்து மறுபடி மாற்றுங்கள்.

இனிமேல் பதினைந்து நாளுக்கொரு முறை ஹப்பை லாக் செய்து, டூ வீல், ஃபோர் வீல் மாற்றும் டிரான்ஸ்பர் லீவரை டூ வீலிலேயே வைத்து, கீழக்கரை வரை ஒரு நடை போய் வாருங்கள். முன் ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் சுற்றும், சீல் உதடு எண்ணெயில் நனையும். தார் ரோட்டில் இதனால் கெடுதல் இல்லை. ஃபோர் வீல் லீவரைப் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டுவதுதான் தப்பு. கடலில் இறங்கிய நாள் சாயங்காலம் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிரஷர் தண்ணீரை மட்டும் சீலுக்கும் பிரீதருக்கும் நேரே காட்ட வேண்டாம்.

வேலை முடிந்து இரண்டு மூன்று நாள் கொஞ்சம் எண்ணெய் கசிந்தால் பதறாதீர்கள். நக்கிள் இடுக்கில் தங்கியிருந்தது வடியும். துடைத்துவிட்டு, ராத்திரி சக்கரத்துக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். கறை நாளுக்கு நாள் சிறுத்தால் சரி.

கம்பெனி சீலா, கடை சீலா என்றீர்களே. சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் மில்லிமீட்டரில் அடித்திருக்கும், அல்லது பார்ட் நம்பர் இருக்கும். பழைய சீலையும் ஷாஃப்டையும் கையில் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய், பொருத்திப் பார்த்து வாங்குங்கள். அளவும் ரப்பரும் சரியாக இருந்தால் பெயர் எனக்கு முக்கியமில்லை. ஆனால் கழற்றிய உள் சீலைத் தூக்கிப் போடாதீர்கள். உதடு சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஆக்சில் ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஷாஃப்டைத் திரும்பச் செருகும் முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.